நிலத்தின் மேல் உள்ள பாறை

1. மேஜைக்கு வந்த கல்

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்களில் ஒரு திங்கட்கிழமை காலை, பக்கெட் கம்பெனி ராஜமாணிக்கம் செகந்திராபாத்தில் இருந்த எங்கள் வக்கீல் ஆபீசுக்குள் வேகமாக வந்தார். கையில் வைத்திருந்த தேங்காய் அளவுக் கருங்கல்லை என் டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்தார். கார்பன் பேப்பர் கட்டு சரிந்து கீழே விழுந்தது.

"இது இன்னாம்மா?" என்றார்.

"கல்லு சார்."

"எங்கேர்ந்து எடுத்துனு வந்தேன் தெரியுமா? என் நெலத்துலேர்ந்து. நீ அடிச்சுக் குடுத்த அக்ரிமெண்ட்படி என் நெலத்துல கல்லே இருக்கக் கூடாது. கீது. மலையாட்டம் கீது. கல் உடைக்கிறவன் வேலை முடிஞ்சிட்ச்சின்றான்."

ராஜமாணிக்கம் வேலூர்க்காரர். செகந்திராபாத்துக்கு வந்து தகரப் பெட்டியும் பக்கெட்டும் செய்து விற்று மேலே வந்தவர். பட்டாளத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு செய்து தரும் ஆர்டர் கிடைத்திருந்தது. அதற்காகப் பம்பாயிலிருந்து பழைய பிரஸ் மெஷின் ஒன்றை வாங்கி, சனத்நகர்ப் பக்கம் ஒரு நிலம் பார்த்து, ஷெட் போட்டுக்கொண்டிருந்தார். நிலத்தின் நடுவில் ஒரு பாறை. அதை எடுத்துத் தர எல்லையா என்ற கல் உடைக்கும் மேஸ்திரியோடு ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தை எழுதியவள் நான்.

டைப் அடித்தவள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ராஜமாணிக்கம்கூட அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் வரி என்னுடையது. உள்ளே போய் என் முதலாளியிடம் அதைச் சொன்னேன். அவர் பெயர் வரதராஜன். கும்பகோணத்திலிருந்து வந்து இங்கே இருபது வருடமாகப் பிராக்டீஸ் செய்தவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அந்த ஃபைலைக் கொண்டா எஸ்தர்" என்றார். அவர் கோபப்பட்டால் கண்ணாடியைத் துடைப்பார். அன்று வெகுநேரம் துடைத்தார்.

2. டைப்பிஸ்ட் டிராஃப்ட் எழுத ஆரம்பித்தது

நான் அந்த ஆபீசில் சேர்ந்தபோது எனக்கு வயது பத்தொன்பது. அப்பா ரயில்வே வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். நாங்கள் மல்காஜ்கிரியில் குடியிருந்தோம். டைப்பிங்கும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் செய்துவிட்டு வேலை தேடினேன். பெண் டைப்பிஸ்ட் என்றால் ஆங்கிலோ இந்தியப் பெண்தான் வருவாள் என்று எல்லோரும் நினைத்திருந்த காலம். புடவை கட்டிக்கொண்டு நான் போய் நின்றதும் வரதராஜன் சார் தன் குமாஸ்தாவான முன்ஷியைப் பார்த்தார், முன்ஷி சாரைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. அதையே வேலை கிடைத்ததாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நாள் நான்கு பக்கக் குத்தகைப் பத்திரம் ஒன்றைக் கொடுத்தார். அடித்து முடித்துக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "சார், மூணாவது ஷரத்துல மராமத்து குத்தகைதாரர் செலவுன்னு இருக்கு. ஏழாவதுல வீட்டுக்காரர் செலவுன்னு இருக்கு" என்றேன்.

"உன்னை டைப் அடிக்கத்தானே சொன்னேன்?"

"அடிச்சிட்டேன் சார். அடிக்கறப்போ படிக்காம இருக்க முடியல."

இரண்டு பக்கத்தையும் எடுத்துப் பார்த்தார். ஏழாவதை அடித்துவிட்டு, "திருப்பி அடி" என்றார். அவ்வளவுதான். ஆனால் அடுத்த மாதத்திலிருந்து சின்னச் சின்ன ஒப்பந்தங்களை என்னிடமே எழுதச் சொன்னார். லாரி வாடகை, சுண்ணாம்பு சப்ளை, கிணறு தூர்வாருவது, இந்த மாதிரி. நான் எழுதுவேன், அவர் மேலோட்டமாகப் பார்ப்பார், பார்ட்டிகள் கையெழுத்துப் போடுவார்கள். முன்ஷி இஸ்மாயில் சாஹிப் அதை உருதுவிலோ, இந்தப் பக்கத்துப் பேச்சு உருதுவான தக்கனியிலோ படித்துச் சொல்வார். அவர் என்னை 'டைப்பம்மா' என்று கூப்பிடுவார்.

இரண்டு வருடத்தில் எனக்கு நல்ல வேகம் வந்துவிட்டது. கொஞ்சம் கர்வமும் வந்துவிட்டது. ராஜமாணிக்கத்தின் பாறை ஒப்பந்தத்தை எழுத எனக்கு இருபது நிமிஷம்தான் ஆனது. அந்த இருபது நிமிஷத்தைப் பற்றி வீட்டில் பெருமையாகச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

3. அந்த வரி

ஃபைலைப் பிரித்து மூவரும் படித்தோம். ஆங்கிலத்தில் நான் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'மேற்படி நிலத்தின் மேல் உள்ள பாறை முழுவதையும் ஒப்பந்தக்காரர் அகற்றி, நிலத்தைச் சமமாக ஒப்படைக்க வேண்டும்.'

எழுதியபோது இதைவிடத் தெளிவாக ஒன்றை எழுத முடியாது என்று நினைத்தேன்.

நடந்தது என்னவென்றால், தரைக்கு மேல் ஒன்றரை ஆள் உயரத்துக்கு நின்ற பாறையை எல்லையாவும் அவர் ஆட்களும் ஏழு வாரம் உழைத்து, ஆப்பு அடித்தும் நெருப்பு மூட்டியும் உடைத்து எடுத்துவிட்டார்கள். தரைமட்டத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். தரைக்குக் கீழே அந்தப் பாறை எருமை தண்ணீரில் படுத்திருப்பதுபோல் நிலம் முழுக்கப் பரவியிருந்தது. பம்பாயிலிருந்து வந்த மெஷின் டிராயிங்கிலோ, மூன்று அடி ஆழத்துக்குக் குழி வெட்டி அதில் சிமெண்ட் மேடை கட்ட வேண்டும் என்று போட்டிருந்தது.

"'முழுவதையும்'னு எழுதியிருக்குதா இல்லையா?" என்றார் ராஜமாணிக்கம். "முழுசுன்னா முழுசு. அடியில இருக்கறதும் சேர்ந்துதானே முழுசு?"

வரதராஜன் சார் முன்ஷியைப் பார்த்தார். "நீங்க எல்லையாவுக்கு எப்படிப் படிச்சுச் சொன்னீங்க?"

இஸ்மாயில் சாஹிப் கண்ணை மூடி யோசித்தார். "'ஜமீன் கே ஊபர்'னு சொன்னேன் சார். தரைக்கு மேலேன்னுதான் அர்த்தம். டைப்பம்மா எழுதினது அதுதானே?"

நான் எழுதியது அதுதான். ஆனால் என் மனதில் 'நிலத்தில் இருக்கிற பாறை' என்ற அர்த்தம் இருந்தது. எல்லையா காதில் 'தரைக்கு மேலே தெரிகிற பாறை' என்று விழுந்திருக்கிறது. ராஜமாணிக்கம் தனக்கு வேண்டிய ஆழம் எல்லாம் அந்த வரிக்குள் இருப்பதாக நம்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரே காகிதத்தில் இரண்டு ஒப்பந்தம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. ஏமாற்றியிருந்தால் ஒருத்தன்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

"நோட்டீஸ் உடுங்க சார்" என்றார் ராஜமாணிக்கம். "அவனுங்க சம்மட்டி, கடப்பாரை, ஆப்பு எல்லாத்தையும் அங்க கீற தகரக் கொட்டாயில போட்டுப் பூட்டிட்டேன். வேலைய முடிச்சாதான் தருவேன்னுட்டேன்."

வரதராஜன் சார் நிமிர்ந்தார். "கருவியைப் பூட்டி வெச்சீரா? எந்த ஷரத்துப்படி?"

"ஷரத்து இன்னா சார் ஷரத்து? பன்னெண்டு நாள்ல பம்பாய்லேர்ந்து ஃபிட்டர் வரான். ஒரு வாரம்தான் இருப்பான். அவன் போயிட்டா யுத்த காலத்துல மறுபடி எவன் வருவான்? ஆர்டர் போச்சு, நானும் போனேன்."

"கேஸ் போட்டா இன்னும் சீக்கிரம் போவீர்" என்றார் சார். "நிலம் நிஜாம் சர்க்கார் எல்லையில இருக்கு. கையெழுத்து ஆனது இங்க வெள்ளைக்காரன் கண்டோன்மெண்ட்ல. எந்தக் கோர்ட்டுக்குப் போறதுன்னு ஒரு வருஷம் சண்டை போடலாம். அதைப் பத்தியும் இந்த அக்ரிமெண்ட்ல ஒரு வார்த்தை இல்ல. அங்க போனா எல்லாம் உருதுல போகும். அப்போ முன்ஷி படிச்சுச் சொன்னதுதான் நிக்கும். நீர் தோத்துப் போவீர்."

நான்தான் கேட்டேன்: "சார், நான் போய் இடத்தைப் பார்த்துட்டு வரட்டுமா?"

"டைப்பிஸ்ட் சைட்டுக்குப் போறதா?"

"எழுதறதுக்கு முன்னாடியே போயிருக்கணும் சார். இப்பவாவது போறேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "முன்ஷியையும் கூட்டிண்டு போ" என்றார்.

4. பாறையின்மேல் உட்கார்ந்திருந்தவர்கள்

ராஜமாணிக்கத்தின் லாரியில் போனோம். பெட்ரோல் ரேஷன் என்பதால் கரி வாயுவில் ஓடுவதற்காகப் பின்னால் பெரிய கரி அடுப்பு பொருத்திய லாரி. பேகம்பேட்டை தாண்டுவதற்குள் இரண்டு முறை நின்றது. என் புடவையெல்லாம் கரி.

ஷெட் பாதிதான் எழும்பியிருந்தது. நடுவில் தரையோடு தரையாகச் சாம்பல் நிறத்தில் பாறை. அதன்மேல் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஆணும் பெண்ணுமாக. வேலையும் செய்யவில்லை, இடத்தை விட்டும் போகவில்லை. கருவி இல்லாமல் எங்கே போவார்கள்? அந்தச் சம்மட்டிகளும் ஆப்புகளும் அவர்களே கொல்லனிடம் அடித்து வாங்கி, பிடி போட்டு, கை பழகியவை.

எல்லையா எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். அவர் பேசியது தெலுங்கும் தக்கனியும் கலந்த பேச்சு. எனக்குப் புரிந்தபடி தமிழில் எழுதுகிறேன்.

"காகிதம் எழுதின அம்மா நீங்கதானா?"

"ஆமா, நான்தான்."

"நல்லா எழுதியிருந்தீங்கம்மா. தரைக்கு மேலேன்னு சொன்னாங்க. தரைக்கு மேலே ஒரு துண்டு விட்டு வெச்சிருக்கோமா பாருங்க. தண்ணி ஊத்திப் பாருங்க, ஒரு பக்கமா ஓடாது. அவ்வளவு சமமா செதுக்கியிருக்கோம்."

பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. ஏழு வார வேலை அது. பாறையின் முகத்தில் உளித் தடம் ஓலைப் பாய் முடைந்ததுபோல் வரிசையாக இருந்தது. ஒப்பந்தத்தில் நான் எழுதிய 'சமமாக' என்ற சொல்லை அந்த மனிதர் அட்சரசுத்தமாக நிறைவேற்றியிருந்தார்.

"இன்னும் மூணு அடி தோண்டணுமாம்" என்றேன்.

"நக்கோ அம்மா, முடியாது. மேலே நிக்கற கல்லை உடைக்கறது வேற. நாலு பக்கமும் மாட்டிக்கிட்டிருக்கிற கல்லைக் குடையறது வேற. மூணு அடின்னா மூணு மாசம். இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன்."

"பன்னெண்டு நாள்ல முடியணும்" என்றார் ராஜமாணிக்கம்.

எல்லையா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. முன்ஷி இருவருக்கும் நடுவில் நின்று ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினார். யாரும் காதில் வாங்கவில்லை. குரல்கள் உயர்ந்தன. நான் டிராயிங்கைப் பாறைமேல் விரித்து, அது பறக்காமல் இருக்க முழங்காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். குழி, நீளம், அகலம், ஆழம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

எல்லையாவின் மனைவி போச்சம்மா பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து டிராயிங்கைப் பார்த்தாள்.

"இந்தக் குழியில என்ன போடப்போறாங்க அம்மா?"

"சிமெண்டும் ஜல்லியும் போட்டு நிரப்பி மேடை கட்டுவாங்க. அதுமேல மெஷின் நிக்கும்."

"சிமெண்டு காஞ்சா எப்படி ஆகும்?"

"கல்லு மாதிரி கெட்டியா ஆகும்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் கேலி செய்கிறேனோ என்று சந்தேகப்பட்டாள் போல. பிறகு திரும்பித் தன் புருஷனிடம் உரக்கச் சொன்னாள்: "கேட்டியா? கல்லைக் குடைஞ்சு வெளியில கொட்டிட்டு, அந்தக் குழியில மறுபடி கல்லையே ஊத்தப் போறாங்களாம்!"

பாறையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எல்லையா சிரிக்கவில்லை. வந்து டிராயிங்கைப் பார்த்தார். "மெஷினா? மெஷின் வைக்கறதுக்கா இதெல்லாம்?"

"ஹவ், மெஷின்தான்" என்றார் முன்ஷி.

"எங்ககிட்ட யாரும் சொல்லலையே. வீடு கட்டப் போறாங்கன்னு நெனச்சோம்."

யாரும் சொல்லவில்லை. அவர் சொல்லித்தான் எனக்கே உறைத்தது. ராஜமாணிக்கம் என் மேஜைக்கு வந்து "பாறைய எடுக்கணும், ஒரு அக்ரிமெண்ட் போடும்மா" என்றார். நான் பெயர், ஊர், அளவு, கெடு எல்லாம் கேட்டேன். எதற்காக எடுக்கிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

5. சவுண்ட்

"அடியில இருக்கிற பாறைமேலேயே மெஷினை நிறுத்தலாமே சார்?" என்றேன்.

ராஜமாணிக்கம் ஒரேயடியாக மறுத்தார். "டிராயிங்ல இருக்கறத வுட்டுட்டு இவங்க சொல்றபடி செய்ய முடியுமா? பிரஸ் அடிக்கற அடிக்கு எல்லாம் ஆடிப் போயிடும்."

"டிராயிங் போட்டவருக்கு இங்க பாறை இருக்குன்னு தெரியுமா?"

பம்பாய்க்காரருக்குத் தெரிய வழியே இல்லை. சாதாரண மண் தரை என்று எண்ணிப் போட்ட டிராயிங் அது. இன்னொன்றும் நான் சொன்னேன்: சிமெண்டுக்கு அவர் போட்ட பர்மிட் மனு இரண்டு மாதமாக வரவில்லை. குழி வெட்டினாலும் அதில் ஊற்ற அவரிடம் ஒன்றும் கிடையாது. அந்த மனுவை அடித்தவளும் நான்தான், அதனால் எனக்குத் தெரியும்.

அன்று மத்தியானமே பம்பாய்க்குத் தந்தி கொடுத்தோம். தந்தியில் என்ன கேட்பது என்று நானும் வரதராஜன் சாரும் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதினோம். எட்டு முறை அடித்துத் திருத்தினோம். மறுநாள் மாலை பதில் வந்தது. பாறை 'சவுண்ட்' ஆக இருந்தால் மேடை வேண்டாம், நான்கு போல்ட்டுக்கு ஒன்றரை அடித் துளை போதும் என்று இருந்தது.

தந்தியோடு மறுபடி சனத்நகர் போனோம். ராஜமாணிக்கம் அதை எல்லையாவுக்கு விளக்கினார். "கல்லு சவுண்ட் உட்டா சரியாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குச் சத்தம் என்றும் அர்த்தம் உண்டு, பழுதில்லாதது என்றும் அர்த்தம் உண்டு. பம்பாய்க்காரர் கேட்டது விரிசல் இல்லாத பாறையை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் எல்லையா தலையாட்டிக்கொண்டே, "ஆமா, சத்தம் கேட்டுத்தானே பார்க்கணும்? தட்டினா கணீர்னு வரணும். உள்ளே விரிசல் இருந்தா மொத்துனு வரும். சம்மட்டி குடுங்க, தட்டிக் காட்டறேன்" என்றார்.

சம்மட்டி பூட்டிய தகரக் கொட்டகைக்குள் இருந்தது.

எல்லோரும் ராஜமாணிக்கத்தைப் பார்த்தோம். அவர் தந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, வேறு யாரிடமும் கொடுக்காமல், தானே போய்க் கதவைத் திறந்தார். ஒரு சம்மட்டியை மட்டும் எடுக்கக் குனிந்தவர், என்ன நினைத்தாரோ, கதவை விரியத் திறந்துவைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். பதினோரு பேரும் போய் அவரவர் கருவியை எடுத்துக்கொண்டார்கள். யாருடையது எது என்று ஒரு குழப்பமும் இல்லை.

எல்லையா பாறை முழுக்கச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டு போனார். கணீர், கணீர். வடக்கு ஓரத்தில் ஓரிடத்தில் சத்தம் மங்கியது. அங்கே காவிக் கட்டியால் ஒரு கோடு போட்டார். "இந்தப் பக்கம் வேண்டாம். மெஷினை ரெண்டு முழம் தள்ளி வைங்க." மற்ற இடமெல்லாம் கோயில் மணிபோல் ஒலித்தது.

"பம்பாய்க்காரன் கேட்டதும் இதானேம்மா?" என்றார் ராஜமாணிக்கம்.

"இதேதான் சார்" என்றேன். அர்த்தம் இரண்டையும் பிறகு லாரியில் வரும்போது விளக்கினேன்.

6. இரண்டாவது காகிதம்

இந்த முறை ஒப்பந்தத்தை ஆபீசில் எழுதவில்லை. அந்தப் பாறைமேல் உட்கார்ந்து பென்சிலால் எழுதினேன். ஒரு பகல் முழுவதும் ஆனது.

முதல் வரி: 'ராஜமாணிக்கம் தன் ஷெட்டில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஒன்றைப் பாறைமேல் அசையாமல் நிறுத்த விரும்புகிறார். இந்த வேலை அதற்காக.' வரதராஜன் சார் பிறகு இதைப் பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தில் கதை எதற்கு என்றார். கதை இல்லாததால்தான் சார் போன தடவை மாட்டிக்கொண்டோம் என்றேன். விட்டுவிட்டார்.

துளை எங்கே என்பதை வார்த்தையால் எழுதாமல், எல்லையாவைக் கொண்டு நான்கு இடத்திலும் காவி வட்டம் போடச் செய்து, அதைப் படமாக வரைந்து பின்னால் இணைத்தேன். ஆழத்தை ஒரு மூங்கில் குச்சியில் வெட்டு வைத்துக் குறித்தோம். அதே மாதிரி இரண்டு குச்சி, ஆளுக்கு ஒன்று. முதல் ஒப்பந்தப்படி பாறை எடுத்த வேலை முடிந்துவிட்டது, அதில் பாக்கி எதுவும் இல்லை என்று ஒரு ஷரத்து. எந்தக் காரணத்துக்காகவும் ஒருவர் கருவியை மற்றவர் பிடித்து வைக்கக் கூடாது என்று ஒன்று. அதை ராஜமாணிக்கம் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். துளை போடும்போது விரிசல் விட்டால்? வெடி மருந்தோ நெருப்போ வைத்ததால் விட்டால் எல்லையா பொறுப்பு. உளியால் மட்டும் வேலை செய்தும் விட்டால் அவர் பொறுப்பில்லை. வேலை முடிந்தது என்று யார் சொல்வது? பம்பாய் ஃபிட்டர் போல்ட்டை இறக்கிப் பார்த்து, ஈயம் ஊற்றிய பிறகு அது ஆடாமல் நின்றால் முடிந்தது. தகராறு வந்தால் எந்தக் கோர்ட் என்பதையும் மறக்காமல் எழுதினேன்.

'உரிய காலத்தில்' என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடித்துவிட்டு நாள் போட்டேன். ஆங்கிலத் தேதி, பக்கத்திலேயே நிஜாம் சர்க்காரின் ஃபசலி தேதி. எல்லையாவுக்கு இரண்டும் பழக்கமில்லை. "அடுத்த வாரம் வியாழன், சந்தைக்கு முந்தின நாள்" என்றார். அதையும் அப்படியே எழுதினேன். சட்டப் புத்தகத்தில் இல்லாத தேதிதான். ஆனால் அந்த இடத்தில் அதைவிடத் தெளிவான தேதி கிடையாது.

முன்ஷி படித்துச் சொல்லி முடித்ததும் எல்லையா கட்டை விரலை நீட்டினார். மை டப்பாவை நான் மூடிவிட்டேன்.

"இப்போ நீங்க சொல்லுங்க. இந்தக் காகிதத்துல என்ன இருக்கு?"

"படிச்சாரே அம்மா?"

"அவர் படிச்சது இருக்கட்டும். உங்களுக்கு என்ன புரிஞ்சுதுன்னு நீங்க சொல்லுங்க."

சங்கடமாகச் சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். துளை, குச்சி, விரிசல், வியாழக்கிழமை. ஒன்றுகூட விடவில்லை. எல்லாம் சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"எங்க ஆளுக்கு அடிபட்டா?"

காகிதத்தைப் பார்த்தேன். பாறைக்கு அடிபட்டால் என்ன என்று எழுதியிருந்தேன். ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"கல்லு வேலைன்னா அடிபடறது சகஜம்தானே?" என்றார் ராஜமாணிக்கம்.

எல்லையா தன் இடது கையைத் திருப்பிக் காட்டினார். இரண்டு விரலில் நுனி இல்லை. "இது சகஜம்தான். இதைப் பத்தி எந்தக் காகிதத்துலயும் எழுத மாட்டாங்க. கேட்கலாம்னு இன்னிக்குத்தான் தோணிச்சு. இந்த அம்மா சொல்லச் சொன்னதால கேட்டேன்."

"எழுதுங்க சாப்" என்றார் முன்ஷி, ராஜமாணிக்கத்திடம். "வேலை உங்க ஷெட்டுக்கு. ஒரு வரிதானே?"

"இன்னான்னு எழுதறது?"

"வேலை செய்யறப்போ ஆளுக்கு அடிபட்டா, உடனே உங்க லாரியில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். குணமாகிற வரைக்கும் வைத்தியச் செலவு உங்களது" என்றேன்.

ராஜமாணிக்கம் அந்தக் கையை மறுபடி பார்த்துவிட்டு, "சரி, எழுதும்மா" என்றார். பிறகுதான் மை டப்பாவைத் திறந்தேன்.

7. ஐந்தாம் நாள்

நான்கு துளையில் மூன்று முடிந்திருந்தது. ஐந்தாம் நாள் நான்காவதில் உளி அடிக்கும்போது ஒரு சில்லுத் தெறித்து எல்லையாவின் தம்பி சாயிலுவின் கண்ணில் பாய்ந்தது. நான் அங்கே இல்லை. மத்தியானம் ராஜமாணிக்கம் ஆபீசுக்கு வந்து சொன்னார். சட்டையில் ரத்தக்கறை. வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. நாற்காலியில் உட்காராமல் என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டாக்டர் துண்டை எடுத்துட்டாரு. கொஞ்சம் லேட்டாயிருந்தா கண்ணு போயிருக்கும்ன்றாரு. கட்டுப் போட்டுப் படுக்க வெச்சிருக்காங்க."

"நீங்களே கூட்டிட்டுப் போனீங்களா சார்?"

"வேற யாரு? அவன் கத்தறான், பொம்பளைங்க அழறாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. லாரியில பக்கெட் லோடு இருந்துச்சு, பட்டாள டிப்போவுக்குப் போவணும். அப்போ எல்லையா என்னைப் பார்த்தான். ஒண்ணும் கேக்கல, சும்மா பார்த்தான். எழுதிக் குடுத்திருக்கமேன்னு ஞாபகம் வந்துச்சு. லோடை எறக்குடான்னு சொல்லிட்டேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எழுதலைன்னா இன்னா பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியலம்மா. லோடை அனுப்பிட்டு அப்பால பாக்கலாம்னுகூட இருந்திருப்பேன்."

அவர் அப்படி ஒப்புக்கொண்டதற்காக இன்றுவரை எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

நான்காவது துளையை எல்லையா தானே முடித்தார். வியாழனுக்கு ஒரு நாள் மிச்சமிருந்தது. பம்பாய் ஃபிட்டர் வந்து, போல்ட்டை இறக்கி, ஈயத்தை உருக்கி ஊற்றி, மெஷினை நிறுத்தினார். சிமெண்ட் மேடையில்கூட இப்படி ஆடாமல் நின்று பார்த்ததில்லை என்றாராம். சாயிலுவின் கண்கட்டு மூன்று வாரம் கழித்து அவிழ்ந்தது. பார்வை கொஞ்சம் மங்கல்தான். ஆனால் கண் இருந்தது, வேலைக்கும் திரும்பினார்.

அதற்குப் பிறகு வருடக்கணக்கில் நான் ஒப்பந்தங்கள் எழுதினேன். வரதராஜன் சாருக்குப் பிறகு அவர் மகனிடமும், பிறகு ஒரு கட்டுமான கம்பெனியிலும். இன்று இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நல்ல ஆங்கிலம் தெரியும், அச்சடித்த ஃபாரம் கையில் இருக்கும், என்னைவிட வேகமாக எழுதுவார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் இரண்டு விஷயம்தான் இருக்கிறது. டைப்ரைட்டரில் காகிதம் சொருகுவதற்கு முன்னால், இந்த வேலை எதற்காக என்று கேளுங்கள். கூச்சப்படாமல், பார்ட்டி எரிச்சல்பட்டாலும் கேளுங்கள். முடிந்தால் இடத்தை ஒரு முறை போய்ப் பாருங்கள்.

இரண்டாவது, கையெழுத்துக்கு முன்னால் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்ன ஒப்புக்கொண்டீர்கள் என்று இரண்டு பேரையும் அவரவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். படித்தவர்களையும் சொல்லச் சொல்லுங்கள், அவர்களுக்கு இது இன்னும் அவசியம். இதனால் நேரம் ஆகிறது என்று என்னைப் பற்றிப் புகார் வந்ததுண்டு. நான் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் சொல்வதைக் கேட்பேன். அநேகமாக ஒரு வரியாவது சேர்க்க வேண்டியிருக்கும்.